வழி காட்டுவதும் ஒரு சேவைதான்

(இணையவழி உரை ஒன்றின் எழுத்து வடிவம்)

கொரோனா காலத்தில் உங்க வீட்டிலும் ஒரு சின்னக் கருவி இருந்திருக்கும். துணிக்குப் போடுகிற கிளிப் மாதிரி. விரலை நுழைச்சா 97, 98-னு ஒரு எண் வரும். ஆக்சிமீட்டர். அந்த எண் இறங்கினா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இறங்கலைன்னா வீட்டிலேயே இருக்கலாம். அந்த எண்ணை நம்பித்தான் அன்னைக்கு எத்தனையோ குடும்பங்கள் ராத்திரியைக் கழித்தன.

அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சுகிறது. ரத்தம் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் ரத்தத்தை அடைவதற்கு முன்னால் ஒளி தோலைக் கடந்தாக வேண்டுமே? தோல் கறுப்பாக இருந்தால் கணக்கு மாறுமா?

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி "பரவாயில்லை" என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்த நோயாளிகள் இருந்தார்கள். வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் இந்தத் தவறு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக நடந்திருந்தது. இத்தனைக்கும் கறுப்பு நிறத் தோலில் இந்தக் கருவி தடுமாறுகிறது என்று 1990-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். முப்பது வருஷம் அது பெரிய பேச்சாகவே இல்லை.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லைங்க. ஆனா, "என் விரலில் இது சரியாகக் காட்டுமா?" என்று கேட்கக்கூடிய ஆட்கள் ஆய்வகத்துக்குள் போதுமான அளவு இல்லை. ஆய்வகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கேள்வி எழும் என்பதும் இருக்கிறது. நம்ம ஊர்த் தோலின் நிறத்தை நினைச்சுப் பாருங்க, இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லைன்னு புரியும்.

அதனால்தான் இன்னைக்கு ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கேன்.

நான் தாமதமாகச் சொன்ன ஒரு செய்தி

அதுக்கு முன்னாடி என் கதை கொஞ்சம். ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் பல வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு மாணவி இருந்தாள். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் கேட்டாள்: "ஆராய்ச்சியெல்லாம் யாரு சார் பண்ணுவாங்க?"

"நீயே பண்ணலாம்மா, கோடை விடுமுறையில் பெரிய ஆய்வகங்களில் போய் வேலை பார்க்க உதவித்தொகையே தர்றாங்க" என்றேன். சொன்னது ஜனவரியில். விண்ணப்பிக்கும் கடைசித் தேதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிருந்தது. அவளுக்கு அது கடைசி வருஷம். ஜூனில் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

திட்டம் இருந்தது. பணம் இருந்தது. மாணவிக்குத் திறமையும் இருந்தது. எனக்கு விஷயம் தெரிந்தும் இருந்தது. எந்த மாசம் யார் எதைச் சொல்லணும் என்ற ஏற்பாடு மட்டும் இல்லை. அந்த ஏற்பாட்டை ஒரு சின்னப் பல்கலைக்கழகம் எப்படிச் செய்து காட்டியது என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு நகரம். அங்கே சேவியர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை சில ஆயிரம்தான். நம்ம ஊரில் ஒரு பெரிய கலைக்கல்லூரியே இதைவிடப் பெரிசு.

கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம் அது. பிலடெல்பியாவின் வங்கிக் குடும்பம் ஒன்றில் பிறந்து கன்னியாஸ்திரீயான கேத்தரின் ட்ரெக்செல், தன் பங்குச் சொத்தைப் போட்டு 1915-ல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1925-ல் அது கல்லூரியானது. 1927-ல் மருந்தியல் கல்லூரியும் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம்ம ஊரில் "சிறுபான்மையினர்" என்றால் மதமும் மொழியும் நினைவுக்கு வரும். அமெரிக்க அறிவியல் துறையில் அந்தச் சொல் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பழங்குடியினர் ஆகியோரைக் குறிக்கிறது. மக்கள்தொகையில் இருக்கும் அளவுக்கு ஆய்வகத்தில் இல்லாதவர்கள்.

இந்தச் சின்னப் பல்கலைக்கழகம் ஒரு சாதனை செய்தது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்து படிப்பை முடிக்கும் கறுப்பின மாணவர்களை நாட்டிலேயே அதிகமாக உருவாக்கிய கல்லூரி என்று பல ஆண்டுகள் பெயரெடுத்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்களெல்லாம் பின்னால் நின்றன. 2009 முதல் 2013 வரை அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் பதவியில் இருந்த ரெஜினா பெஞ்சமின் இங்கே படித்தவர்தான். கல்லூரிக்குப் போகும் வரை ஒரு கறுப்பின டாக்டரைக்கூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பார்த்தே இராத ஒன்றாக ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளை எப்படி ஆசைப்படும்? சேவியர் அங்கிருந்து தொடங்கியது.

என்ன செய்தார்கள்?

முதல் வேலை, வடிகட்டும் பாடத்தை மாற்றியது. பல கல்லூரிகளில் முதலாண்டு வேதியியல் ஒரு சல்லடை. பாதிப் பேர் அதிலேயே கீழே விழுந்துவிடுவார்கள். "தகுதி இல்லாதவன் போகட்டும்" என்று ஆசிரியர்களும் விட்டுவிடுவார்கள். சேவியரின் வேதியியல் பேராசிரியர் ஜே.டபிள்யூ. கார்மைக்கேலும் அவருடைய சக ஆசிரியர்களும் இதை ஏற்கவில்லை. ஆளுக்கொரு மாதிரி நடத்துவதை நிறுத்தி, கூடி உட்கார்ந்து பாடத்தைப் பொதுவாக்கினார்கள். தாங்களே பயிற்சிப் புத்தகம் எழுதினார்கள். அடிக்கடி சின்னச் சின்னத் தேர்வுகள் வைத்தார்கள். ஒருவன் பின்தங்கினால் செமஸ்டர் முடிவில் தெரியாது, அடுத்த வாரமே தெரியும். உடனே அவனை மூத்த மாணவர் ஒருவரிடம் உட்கார வைத்தார்கள்.

இரண்டாவது, கல்லூரி திறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1970-களின் பிற்பகுதியில் கோடைக்காலப் பயிற்சி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஓர் எளிய முறை இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கணக்கைப் போடும்போதே தன் மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். அப்புறம் இடம் மாற்றிக்கொள்வார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லைங்க. நாளைக்கே உங்க வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்க.

மூன்றாவது, வழியை எழுதிக் கையில் கொடுத்தது. எந்த ஆண்டில் எந்தத் தேர்வு, எப்போது விண்ணப்பம், யாரிடம் பரிந்துரைக் கடிதம், எங்கே கோடைக்கால ஆய்வு வாய்ப்பு. எல்லாம் பட்டியலாக. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மா பேச்சிலேயே தெரிந்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு யார் சொல்வது? அந்த அப்பா அம்மாவின் இடத்தில் பல்கலைக்கழக அலுவலகம் உட்கார்ந்தது.

இத்தனையும் ஒரே ஆளின் பிடிவாதத்தால் நிலைத்துவிடவில்லை. நார்மன் ஃபிரான்சிஸ் 1968 முதல் 2015 வரை, 47 ஆண்டுகள், அங்கே தலைவராக இருந்தார். தலைமை மாறாததால் முறையும் மாறவில்லை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்து வளாகமே தண்ணீரில் நின்றது. 2006 ஜனவரியில் வகுப்பு மறுபடி தொடங்கியது. பெரும்பாலான மாணவர்கள் திரும்பி வந்தார்கள்.

டாக்டர் ஆகலாம், விஞ்ஞானி ஆக முடியுமா?

இங்கேதான் அடுத்த சிக்கல். டாக்டர் ஆவதற்கு நல்ல பாடமும் நல்ல மதிப்பெண்ணும் பெருமளவுக்குப் போதும். விஞ்ஞானி ஆக, ஆய்வகத்தில் கை நனைத்தாக வேண்டும். சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களின் நேரமெல்லாம் வகுப்பெடுப்பதிலேயே போய்விடும். கருவி வாங்கப் பணம் இருக்காது. கருவி இல்லாததால் ஆய்வு நிதி கிடைக்காது. ஆய்வு நிதி கிடைக்காததால் கருவி வாங்க முடியாது.

மாணவர் பக்கமும் அப்படித்தான். ஏழை வீட்டுப் பிள்ளை சாயந்தரம் ஏதோ ஒரு கடையில் வேலை பார்த்துத்தான் படிக்கிறான். அவனிடம் போய், "சும்மா வந்து ஆய்வகத்தில் நில்லு, அனுபவம் கிடைக்கும்" என்றால் எப்படி வருவான்? சம்பளம் இல்லாத வாய்ப்பு, வசதி இருக்கிறவனுக்கு மட்டும்தான் வாய்ப்பு.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச் இதை 1970-களிலேயே ஓரளவு உணர்ந்து, சிறுபான்மை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஆய்வுப் பயிற்சி தரத் தொடங்கியது. ஆனாலும் 2011-ல் வந்த ஓர் ஆய்வு முகத்தில் அறைந்தது. படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்ட பிறகும், கறுப்பின விஞ்ஞானிகளுக்கு என்ஐஎச் நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

அதற்குப் பிறகு 2014-ல் "பில்ட்" என்ற திட்டம் வந்தது. பத்துப் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சேவியரும் அதில் ஒன்று. தகுதி விதியைக் கவனிங்க. ஆண்டுக்கு 75 லட்சம் டாலருக்குக் குறைவாக என்ஐஎச் ஆய்வு நிதி வாங்கியிருக்க வேண்டும். மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் ஏழை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை பெறுபவர்களாக இருக்க வேண்டும். வழக்கமாக ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவர்களுக்குத்தான் மேலும் கிடைக்கும். இங்கே குறைவாக இருப்பதே தகுதியானது. மாணவருக்கு உதவித்தொகை, ஆசிரியருக்கு ஆய்வு செய்ய நேரம், பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என மூன்று பக்கமும் பணம் போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அந்தத் திட்டத்துக்கு வைத்த பத்தாண்டுக் கெடு முடிந்துவிட்டது. 2025-ல் அமெரிக்க அரசின் கொள்கை மாறியபோது, சிறுபான்மை மாணவர்களுக்கான என்ஐஎச்சின் பழைய பயிற்சித் திட்டங்கள் பலவும் நிறுத்தப்பட்டன. பணம் வரும், போகும். ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய பயிற்சிப் புத்தகத்தையும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் பழக்கத்தையும் ஒரு உத்தரவால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த ஏழை மாணவனுக்குக் கிடைத்த மாதத் தொகை நின்றால், அவன் மறுபடி கடை வேலைக்குத்தான் போவான். இரண்டும் வேண்டும்.

அழுகிய கத்தரிக்காயில் கிடைத்த மருந்து

பெரிய கருவி இல்லாமல் ஆய்வே முடியாதா? முடியும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு பாடத்திட்டம் தொடங்கியது. கல்லூரிக்குள் அப்போதுதான் நுழைந்த மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதிலிருந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு மாணவரே பெயர் வைக்கலாம். அதன் மரபணு வரிசையையும் படிக்கலாம். நல்ல மாணவன் ஒருவனைப் பொறுக்கி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் இதில் இல்லை. வகுப்பு முழுவதற்கும் வகுப்பே ஆய்வகம். சாயந்தரம் வேலைக்குப் போகிற பிள்ளையும் இதில் விடுபடமாட்டான்.

இதே முறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-ல் நடந்த வகுப்பில், ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். "மடி" என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள். அதை உறைபதனப் பெட்டியில் வைத்தார்கள்.

சில வருஷம் கழித்து லண்டனில் ஒரு பெண், வயது 15. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா அவள் உடம்பெங்கும் பரவிவிட்டது. மருத்துவர்கள் கைவிரித்த நிலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்த வைரஸ் சேமிப்பைப் பராமரித்த பேராசிரியர் கிரஹாம் ஹேட்ஃபுல்லின் குழு, மூன்று வைரஸ்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அதில் ஒன்று கத்தரிக்காயில் கிடைத்தது. அந்தப் பெண் தேறி வீடு திரும்பினாள். 2019-ல் அது மருத்துவ இதழில் வெளியானது.

"காலேஜ் பசங்க என்னத்தப் பெரிசா கண்டுபிடிச்சிடப் போறாங்க?" என்று யாராவது கேட்டால், இந்தக் கத்தரிக்காயைச் சொல்லுங்க.

ஒரு கோடை விடுமுறை என்ன செய்யும்?

கடைசியாக ஒரு பெயர், கிஸ்மேகியா கார்பெட். அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்ந்த கறுப்பினப் பெண். பள்ளியில் படிக்கும்போதே, வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்காக அமெரிக்க வேதியியல் சங்கம் நடத்தும் திட்டத்தில் ஒரு கோடை முழுக்கப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அதற்குச் சம்பளமும் உண்டு. பிறகு மேரிலாந்தில், சிறுபான்மை மாணவர்களை விஞ்ஞானிகளாக்க 1988-ல் உருவாக்கிய மேயர்ஹாஃப் திட்டத்தில் சேர்ந்து படித்தார். 2020-ல் என்ஐஎச் ஆய்வகத்தில் கொரோனா தடுப்பூசிக் குழுவில் முன்னணியில் நின்றார். மாடர்னா தடுப்பூசி அந்தக் குழுவின் வேலையிலிருந்து வந்தது. நம்ம ஊரில் நாம் போட்டுக்கொண்டது வேறு ஊசிதான். ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கானோர் கையில் ஏறியது அது.

ஊசி தயாரானதும் இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரை அரசு சுகாதாரத் துறையே மேக நோய்க்குச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது. அந்தக் காயம் ஆறாத மக்களுக்கு ஊசி மேல் சந்தேகம் இருப்பது நியாயம்தானே? கார்பெட் அவர்களிடம் போய்ப் பொறுமையாகப் பேசினார். தங்களில் ஒருத்தி அந்த ஆய்வகத்துக்குள் இருந்தாள் என்பதே பலருக்குப் பாதிப் பதிலாக இருந்தது.

உங்க கையில் இருக்கும் போனில்

சரி, நாம என்ன செய்யலாம்?

இந்தியாவிலும் இதே மாதிரியான வாசல்கள் இருக்கின்றன. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோடையில் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். மற்ற அரசு உதவித்தொகைகளுக்குத் தேசிய கல்வி உதவித்தொகை இணையதளம் இருக்கிறது. மூன்று விஷயங்களை மட்டும் மனசில் வைங்க.

ஒன்று, கோடைக்கால ஆய்வுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் கேட்பது வழக்கம். தேதி வருஷா வருஷம் மாறும். அதனால் அக்டோபர் முதலே அதிகாரபூர்வத் தளத்தைப் பார்க்கணும்னு போனில் ஒரு நினைவூட்டல் வைங்க.

இரண்டு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இ-சேவை, டிஜிலாக்கர் வழியாக இப்போதே எடுத்து வையுங்க. கடைசி வாரத்தில் சான்றிதழுக்கு அலைந்து வாய்ப்பை இழந்தவர்கள் நிறைய.

மூன்று, "ஆய்வு வாய்ப்பு, உடனே பணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீங்க. கல்லூரித் துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க.

கல்லூரி ஆசிரியர் யாராவது இதைப் படிச்சா, ஒரு வேண்டுகோள். ஒரு தாளில் பன்னிரண்டு மாசத்தையும் எழுதி, எந்த மாசம் எந்த விண்ணப்பம் என்று குறித்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்க. அதைப் போனில் படம் எடுத்து முதலாண்டு மாணவர் குழுவுக்கும் அனுப்புங்க. அரை மணி நேர வேலைதான்.

அந்தப் பெண் என்னைக் கேட்டபோது என் துறையில் அப்படியொரு தாள் இல்லை. இப்போது இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் அதைப் புதுப்பித்து ஒட்டுகிறார். போன வாரம் ஒரு வேலையாக அங்கே போனபோது, இரண்டு முதலாண்டுப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்க தெருவிலும் அறிவியல் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அதுக்கு ஒரு செய்தி அனுப்புங்க.